எந்தப் புத்தகத்தின் மேல் சத்தியம்?

லண்டனுக்குப் போகிறவர்கள் பிக் பென் கடிகாரக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. அந்தக் கோபுரத்துக்குள் ஒரு காவல் அறை இருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 1880 ஜூன் 23ஆம் தேதி இரவு அதில் அடைத்து வைக்கப்பட்டவர் திருடரும் அல்ல, கலகக்காரரும் அல்ல. நார்த்தாம்டன் தொகுதி மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய காமன்ஸ் சபை உறுப்பினர் சார்லஸ் பிராட்லா. பைபிளின் மேல் சத்தியம் செய்து பதவியேற்கத் தயாராக இருக்கிறேன் என்று சொன்னார். கூடாது, வெளியே போ என்றது சபை. போக மறுத்தார். அதற்குத்தான் அந்த இரவுச் சிறை.

சத்தியம் செய்ய மாட்டேன் என்றவனைத் தண்டித்த கதை எல்லா நாட்டிலும் உண்டு. செய்கிறேன் என்றவனைப் பூட்டிவைத்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

பிராட்லா பேர்போன நாத்திகர். 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தைத் தொடங்கியவர். சபைக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது, கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழி. நீதிமன்றங்களில் நாத்திகச் சாட்சிகளுக்கு அந்த வழி ஏற்கெனவே திறந்திருந்தது. அது சாட்சிக்குத்தான், உறுப்பினருக்கு இல்லை என்று சபை சொன்னது. சரி, வழக்கமான சத்தியத்தையே செய்துவிடுகிறேன் என்றார். கடவுளை நம்பாதவன் கடவுள்மேல் செய்யும் சத்தியம் அவனை எப்படிக் கட்டும் என்று சபை அதையும் தடுத்தது. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்த நிலை.

இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவனைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லும்போது பெரியவர்கள் பார்ப்பது, இவன் எந்தச் சாமிக்குப் பயப்படுவான் என்பதைத்தான். பெருமாள் கோயிலில் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வருகிறவன் கருப்பசாமி எல்லையில் வாய் திறக்கத் தயங்குவான். பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொல்வதும் அதே கணக்குத்தான். பொய் சொன்னால் எதை இழப்பாய் என்று கேட்பதே பழைய சத்தியம். அந்த இழப்பின் அடையாளமாக ஓர் இடத்தில் கற்பூரச் சுடர் இருந்தது, ஓர் இடத்தில் கங்கை நீர், ஓர் இடத்தில் புத்தகம்.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதை வெகு முன்பே புரிந்துகொண்டிருந்தன. 1740களில் கல்கத்தாவிலிருந்து போன ஒரு வணிக வழக்கில், இந்துச் சாட்சிகள் பைபிளைத் தொடாமல் தங்கள் வழக்கப்படி செய்த சத்தியம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. செல்லும் என்று லண்டனில் தீர்ப்பானது. அவரவர் நம்பிக்கைதான் அவரவரைக் கட்டும் என்பது அதன் சாரம். நீதிமன்றத்துக்கு விளங்கிய விஷயம் நாடாளுமன்றத்துக்கு விளங்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. காரணம் எளிது. நீதிமன்றத்துக்குச் சாட்சி வேண்டும். எந்த மதத்துக்காரனாக இருந்தாலும் வந்து உண்மையைச் சொன்னால் போதும். நாடாளுமன்றத்துக்கோ யார் உள்ளே வரக்கூடாது என்பதில் அக்கறை. அங்கே சத்தியம் வாக்குக் கொடுக்கும் சடங்காக மட்டும் இருக்கவில்லை. வாசல் பூட்டாகவும் இருந்தது.

அந்தப் பூட்டில் எத்தனை பேர் கை நசுங்கியது! அயர்லாந்துக் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் 1828இல் கிளேர் தொகுதியில் ஜெயித்தார். போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்துச் சத்தியம் செய்யாமல் உட்கார முடியாது. கத்தோலிக்கர்கள் மனச்சாட்சிக்கு விரோதமின்றிச் சொல்லக்கூடிய வாசகத்தோடு 1829இல் புதுச் சட்டம் வந்தது. ஆனால் நீ ஜெயித்தது அதற்கு முன்னால், உனக்குப் பழைய வாசகம்தான் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் ஊருக்குப் போய், எதிர்த்து நிற்க ஆளில்லாமல் மறுபடி ஜெயித்து வந்தார்.

குவேக்கர்களின் சங்கடம் வேறு வகை. அவர்கள் அசல் கிறிஸ்தவர்கள். ஆனால் சத்தியமே செய்ய வேண்டாம் என்று இயேசு சொன்னதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்கள். எந்தப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய் என்று சபை நீட்டியதோ, அதே புத்தகம் சத்தியம் செய்யாதே என்கிறது. ஜோசப் பீஸ் என்ற குவேக்கர் 1833இல் வந்து நின்றபோது சபை யோசித்தது. வெறும் உறுதிமொழியோடு உள்ளே விட்டது. பக்தி மிகுந்து சத்தியம் மறுத்தவருக்கு அன்றே கதவு திறந்துவிட்டது. பக்தி இல்லாமல் மறுத்தவருக்குத்தான் அரை நூற்றாண்டு தாமதம்.

யூதர்கள் கதை நீண்டது. உறுப்பினர் சத்தியத்தின் கடைசியில், கிறிஸ்தவனின் உண்மையான விசுவாசத்தின்மேல் என்று ஒரு சொற்றொடர் இருந்தது. 1851இல் கிரீன்விச் உறுப்பினர் டேவிட் சாலமன்ஸ் அந்தச் சொற்களை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்லி, நேராகப் போய் உட்கார்ந்து ஓட்டும் போட்டார். 500 பவுன் அபராதம் விழுந்தது. லயனல் ராத்ஸ்சைல்டு 1847இல் முதன்முறை ஜெயித்து, திரும்பத் திரும்ப ஜெயித்து, 1858 ஜூலை 26 அன்றுதான் எபிரேய வேதாகமத்தைக் கையில் ஏந்தி, தம் வழக்கப்படி தலையை மூடியபடி சத்தியம் செய்து அமர்ந்தார். பதினோரு வருடம் கதவைத் தட்டி உள்ளே போனவர், அதன்பிறகு சபையில் ஓர் உரைகூட ஆற்றவில்லை. உள்ளே போவதுதான் அவர் பேச வந்த பேச்சு போலிருக்கிறது.

ஆக, பிராட்லா வந்து சேர்ந்தபோது கத்தோலிக்கர், குவேக்கர், யூதர் எல்லோருக்கும் வழி கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது எந்தப் புத்தகமும் வேண்டாதவன்தான். ஆறு வருடம் நடந்த அந்தப் போராட்டத்தைப் படித்தால் இது நாடாளுமன்றமா நாடகக் கொட்டகையா என்று தோன்றும். 1881 ஆகஸ்ட் 3 அன்று சபைக்குள் நுழைய வந்தவரைக் காவலர்கள் கோட்டு கிழிய இழுத்து வந்து முற்றத்தில் விட்டார்கள். வெளியே மனுக்களோடு கூடியிருந்தவர்களில் ஒருவர் அன்னி பெசன்ட். பிராட்லாவோடு சேர்ந்து குடும்பக் கட்டுப்பாட்டு நூல் ஒன்றை வெளியிட்டு 1877இல் வழக்கைச் சந்தித்தவர். பின்னாளில் ஆத்திகம் பக்கம் திரும்பி அடையாற்றில் வந்து தங்கி, சென்னையில் ஒரு நகருக்கே பெயரானவர்.

1882 பிப்ரவரியில் பிராட்லா செய்தது இன்னும் துணிச்சல். யாரும் எதிர்பாராத நேரத்தில் மேசைக்கு நடந்து போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு புதிய ஏற்பாட்டையும் தாளையும் எடுத்தார். தனக்குத் தானே சத்தியம் செய்துவைத்து, புத்தகத்தை முத்தமிட்டு, கையெழுத்தும் போட்டார். சபை அவரை நீக்கியது. நார்த்தாம்டன் திரும்ப அனுப்பியது. 1881, 1882, 1884 என்று இடைத்தேர்தலுக்கு இடைத்தேர்தல் அந்த ஊர்க்காரர்கள் சலிக்கவில்லை. இத்தனைக்கும் அங்கே செருப்புத் தைக்கும் தொழிலாளிகள் பலர் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பிராட்லாவின் நாத்திகத்தை விட, தாங்கள் போட்ட ஓட்டைச் சபை மதிக்காததுதான் அவர்களுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். பிரதமர் கிளாட்ஸ்டன் ஆழ்ந்த பக்திமான். அவர் ஆதரித்துப் பேசியும், கடவுள் பெயரில்லாத உறுதிமொழியை அனுமதிக்கும் மசோதா 1883இல் மூன்றே ஓட்டில் தோற்றது.

1886 ஜனவரியில் புதிய நாடாளுமன்றம் கூடியது. ஓர் உறுப்பினருக்கும் அவருடைய சத்தியத்துக்கும் நடுவில் குறுக்கிட எவருக்கும் உரிமை இல்லை என்று சபாநாயகர் பீல் ஒரே போடாகப் போட்டார். பிராட்லா சத்தியம் செய்து உட்கார்ந்தார். இரண்டே வருடத்தில், 1888இல், விரும்புகிறவர் எவரும் கடவுள் பெயரின்றி உறுதி கூறலாம் என்ற சட்டத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். 1891 ஜனவரி 27 அன்று, தன் பழைய தடைத் தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்தே அடித்துவிடச் சபை முடிவெடுத்தது. அப்போது அவர் மரணப் படுக்கையில் நினைவில்லாமல் கிடந்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார். புரூக்வுட் இடுகாட்டுக்குப் போன கூட்டத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய இளைஞரும் இருந்தார்; மோகன்தாஸ் காந்தி. இந்தியாவுக்காகச் சபையில் ஓயாமல் பேசி ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்று பெயர் வாங்கியவர் பிராட்லா. 1889 பம்பாய் காங்கிரசுக்கு வந்திருந்தார். அவர் பெயரில் லாகூரில் ஒரு மண்டபமே எழுந்தது.

சென்னையிலும் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். 1880களில் இங்கே இயங்கிய சென்னை லௌகிக சங்கம் பிராட்லாவின் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அவர்கள் 1882 முதல் 1888 வரை நடத்திய தமிழ் இதழ் ‘தத்துவ விவேசினி’. லண்டனில் பிராட்லாவைக் கோட்டு கிழிய இழுத்த காலமும், சென்னையில் நாத்திகத்தைத் தமிழில் அச்சடித்த காலமும் ஒன்றேதான். பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்திராவிட்டால் நமக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

1888 சட்டம் புத்தகமே வேண்டாதவருக்கு வழி செய்தது. வேறு புத்தகம் வேண்டும் என்பவரும் அதிக நாள் கழித்து வரவில்லை. 1892இல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் விரல் விட்டு எண்ணும் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த தாதாபாய் நவுரோஜி, பைபிளை ஏற்காமல் பார்சிகளின் கோர்தா அவஸ்தாவின் மேல் சத்தியம் செய்தார். கோபுரமும் இல்லை, காவலரும் இல்லை. பத்தாண்டுக்கு முன்னால் நடந்த கூத்தை நினைத்தால் இந்த அமைதிதான் ஆச்சரியம்.

அந்தக் காலத்துச் சத்தியத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. புத்தகத்தில் கை வைத்தால் மட்டும் போதாது, முத்தமிட வேண்டும். நீதிமன்றங்களில் அழுக்கேறிய ஒரே புத்தகத்தை நாள் முழுவதும் வாய் வாயாக முத்தமிட்டார்கள். பொய்ச்சாட்சி சொல்ல வந்த கில்லாடிகள் புத்தகத்தைப் பிடித்த தங்கள் கட்டைவிரலுக்கே முத்தம் கொடுத்துவிட்டு, சத்தியம் என்னைக் கட்டாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்களாம். கோயிலில் சத்தியம் பண்ணும்போது மனசுக்குள் வேறொன்றைச் சொல்லிக்கொள்ளும் நம் ஆட்களின் தூரத்து உறவினர்கள் இவர்கள். கடைசியில் அந்த முத்தத்தை நிறுத்தியது இறையியல் வாதம் அல்ல, நோய்க் கிருமி பற்றிய பயம். 1909ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, புத்தகத்தை உயர்த்திய கையில் பிடித்தால் போதும் என்றானது.

இன்றைய காமன்ஸ் சபையில் தேர்தல் முடிந்ததும் உறுப்பினர்கள் வரிசையில் வருகிறார்கள். எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் உறுதிமொழி அட்டை. 1997இல் கிளாஸ்கோவிலிருந்து வந்த முகமது சர்வர் குர்ஆன்மேல் சத்தியம் செய்தார். பின்னாளில் பிரதமரான ரிஷி சுனக்கும், 2024இல் லெஸ்டரில் ஜெயித்த ஷிவானி ராஜாவும் பகவத் கீதையைக் கையில் எடுத்தார்கள். அதே 2024இல் பிரதமரான கியர் ஸ்டார்மர் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை, உறுதிமொழியோடு முடித்துக்கொண்டார். பிராட்லா கேட்டது ஒரு பிரதமருக்கு அரை நிமிட வேலையாகிவிட்டது.

ஆனால் புத்தகத்தின் வேலையும் இதற்குள் மாறிவிட்டது. அன்று கேள்வி, நீ யாருக்குப் பயப்படுகிறாய் என்பது. இன்று, நீ யார் என்பது. கீதையைக் கையில் எடுத்தவரின் படம் அன்று மாலையே குஜராத்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பொய் சத்தியம் செய்தால் கிருஷ்ணர் தண்டிப்பார் என்று யாரும் அதைப் பார்ப்பதில்லை. நம்மாள் என்று பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் வெளிப்படை. அந்நாட்டு அரசமைப்பு பதவிக்கு மதச் சோதனை கூடாது என்றே எழுதிவைத்திருக்கிறது. எந்தப் புத்தகத்தையும் கேட்பதில்லை. 1825இல் ஜான் குவின்சி ஆடம்ஸ் சட்டப் புத்தகத்தின் மேல் அதிபராகப் பிரமாணம் எடுத்தார். பிரதிநிதிகள் சபையில் எல்லோரும் மொத்தமாகக் கை தூக்கிச் சொல்வதோடு சரி. ஆனாலும் 2007இல் கீத் எலிசன் குர்ஆனைப் பயன்படுத்தப் போகிறார் என்றதும் பெரிய சண்டை மூண்டது. அவர் அலட்டிக்கொள்ளாமல் நாடாளுமன்ற நூலகத்திலிருந்து தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்த குர்ஆன் பிரதியையே வரவழைத்தார். நாட்டை நிறுவியவர் அலமாரியில் இருந்த புத்தகத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? அதுவும் அசல் பதவியேற்பு முடிந்தபின், புகைப்படத்துக்காகத் தனியாக நடத்தும் சடங்குக்கு.

நம் ஊரில் இந்தச் சண்டை எழ இடமே இல்லை. சினிமாவில் கூண்டில் ஏறிய ஒவ்வொருவரிடமும் கீதையை நீட்டி நமக்குப் பழக்கிவிட்டார்கள். உண்மையில் 1840லேயே ஒரு சட்டம் இந்து, முஸ்லிம் சாட்சிகளுக்குக் கங்கை நீரையும் குர்ஆனையும் நீக்கி உறுதிமொழியைக் கொண்டுவந்தது. இன்றைய 1969 சட்டத்திலும் சொற்கள்தான் உண்டு, புத்தகம் இல்லை. பதவிப் பிரமாணமும் அப்படியே. அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு சொற்றொடர்கள், நடுவில் ஒரு கோடு, மேலும் கீழுமாக அச்சாகியிருக்கின்றன. கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன் என்பது மேலே. உளமார உறுதி கூறுகிறேன் என்பது கீழே. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிராட்லா ஆறு வருடம் அடிபட்டது அந்த ஒரு கோட்டுக்காகத்தான்.

1967 மார்ச்சில் அண்ணா தலைமையில் திமுக அமைச்சரவை பதவியேற்றபோது, கீழே இருந்த சொல்லை எடுத்தார்கள். அன்றிலிருந்து ‘உளமார’ என்பது தமிழ்நாட்டில் வெறும் சட்டச் சொல் அல்ல, கட்சி அடையாளம். 2021 மே 7 அன்று ஸ்டாலின் ‘எனும் நான்’ என்று தொடங்கியபோதும் அதுதான். லண்டனில் எந்தப் புத்தகம் என்று பார்ப்பதுபோல, இங்கே ஆண்டவனா உளமாரவா என்று காது கொடுத்துக் கேட்கிறோம். (அச்சில் இது அடிக்கடி ‘உளமாற’ என்று வந்துவிடுகிறது. உள்ளம் நிறைய என்பது உள்ளம் மாற என்றாகிவிடுகிறது. எந்த அமைச்சரையும் மனதில் வைத்து அச்சுக்கோத்திருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.)

அண்ணாவின் பதவியேற்புக்கு நான்கு வருடம் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். திராவிட நாட்டுக் கோரிக்கை வலுத்திருந்த நேரம். 1963இல் பதினாறாவது திருத்தம் வந்து, தேர்தலில் நிற்கிறவரே இந்திய இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று பிரமாணம் எடுக்க வேண்டும் என்றது. திமுக அதே வருடம் பிரிவினையைக் கைவிட்டது. கடவுள் பக்கம் கதவு அகலத் திறந்திருந்த சட்டத்தில் நாட்டின் பக்கம் ஒரு புதுப் பூட்டு. பூட்டு போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

2024இல் டெல்லியிலும் லண்டனிலும் ஒரு மாத இடைவெளியில் நடந்தவை எனக்கு இதையே காட்டின. ஜூனில் மக்களவை கூடியபோது ராகுல் காந்தியும் எதிர்க்கட்சியினர் பலரும் சிறிய அரசமைப்புப் பிரதி ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி பிரமாணம் எடுத்தார்கள். எந்தச் சட்டமும் புத்தகம் கேட்காத நாட்டில் ஒரு புத்தகம் தானாகவே வந்துவிட்டது. ஆளுக்கொரு முழக்கமும் பின்னாலேயே வந்தது. சில நாளில் சபாநாயகரின் உத்தரவுகளில் ஒரு திருத்தம்: பிரமாண வாசகத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.

ஜூலையில் லண்டனில் நார்விச் உறுப்பினர் கிளைவ் லூயிஸ், ஒருநாள் இந்த நாடு குடியரசாகும் என்ற நம்பிக்கையோடும் எதிர்ப்போடும்தான் இதைச் சொல்கிறேன் என்று தொடங்கினார். மன்னரின் வாரிசுகள் வரும் இடத்தை விட்டுவிட்டு முடித்தார். அவர் கடவுளைச் சொன்னாரா, புத்தகம் எடுத்தாரா என்று எவரும் கவலைப்படவில்லை. வாரிசுகள் விடுபட்டதால் அது செல்லாது என்று திரும்ப வரவழைத்தார்கள். வந்து முழுவதையும் சொன்னார்.

பிராட்லாவும் குடியரசுவாதிதான். விக்டோரியா மகாராணியின் வம்சத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி ஒரு நூல் எழுதியவர். 1886 ஜனவரியில் அந்த ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று, அவள் வாரிசுகளையும் விடாமல் சொல்லித்தான் அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.